ஜெனரேட்டருக்குத் தனி பேட்டரி

அன்புள்ள மகளுக்கு,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அப்பா எழுதுவது. வாகமண் மலையில் காலையில் ஜெனரேட்டர் செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டதாகச் சொன்னாய். உன் கேரவனில் விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் ஓடும் பேட்டரியே செல்ஃப்பையும் இழுக்கிறது. இரவெல்லாம் ஃபேன் ஓடி அது இறங்கிவிட்டால், அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டிய ஜெனரேட்டரையே கிளப்ப முடியாமல் போகிறது. ஆகவே ஜெனரேட்டருக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்துவிடு, கண்ணு.

கடைக்காரர் ஆம்பியர்-அவர் கணக்கை, அதாவது பேட்டரி மொத்தம் எவ்வளவு மின்சாரம் சேர்த்து வைக்கும் என்பதை மட்டும் சொல்லி விற்கப் பார்ப்பார். விளக்குக்கும் ஃபேனுக்கும் நீண்ட நேரம் மெதுவாகக் கொடுக்கும் தடித்த பிளேட் பேட்டரி தேவை. செல்ஃப்புக்கோ சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும் மெல்லிய பிளேட் பேட்டரிதான் தேவை. செல்ஃப் அடிக்கும் அந்தச் சில நொடிகளில் பேட்டரி தர வேண்டிய கரண்ட்டை ஜெனரேட்டர் கையேட்டில் கிராங்கிங் ஆம்பியர் என்று போட்டிருக்கும், அந்த எண்ணுக்குக் குறையாமல் வாங்கு. டீசல் செட் என்றால் அந்த எண் பெரிதாகவே இருக்கும். பாசிட்டிவ் எந்தப் பக்கம் வருகிறது, டிரேயில் உட்காருமா என்றும் பார்த்துக்கொள். பாலக்காட்டுச் சித்திரை வெயில்தான் பேட்டரியின் ஆயுளைத் தின்கிறது. மலைக்குளிர் அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவே. ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும், அது தீப்பிடிக்கும். பெட்டிக்குள் வைப்பதானால் அந்த வாயு வண்டிக்கு வெளியே போகக் காற்றுவழி இருக்க வேண்டும். ஆசிட் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும் ஏஜிஎம் வகை விலை கூடினாலும் மலைப்பாதைக் குலுக்கலுக்கு அதையே நான் சொல்வேன். ஸ்டிக்கரில் தயாரித்த மாதத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

மாட்டும்போது வளையலைக் கழற்றி வை. ஸ்பேனரின் ஒரு முனை பாசிட்டிவிலும் மறுமுனை வண்டியின் பாடியிலும் பட்டால் இரும்பே பழுத்துவிடும், வளையல் பட்டால் கை வெந்துபோகும். அதனால்தான் கழற்றுகையில் நெகட்டிவை முதலிலும், மாட்டுகையில் கடைசியிலும் தொட வேண்டும். பூத்துப்போன கிளாம்ப்பை ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவித் துடைத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவு. கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். நீளம் கூடக்கூட வழியிலேயே வோல்ட் தொலையும். பேட்டரியை அசையாதபடி பட்டை போட்டு இறுக்கு. இந்தப் புதிய பேட்டரிக்கு ஜெனரேட்டரே சார்ஜ் கொடுக்கிறதா என்று கையேட்டில் பார். கொடுக்காவிட்டால் வண்டி எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து, ஒரு பேட்டரி இன்னொன்றை இறக்கிவிடாமல் பிரித்து வைக்கும் ஐசோலேட்டர் வழியாக ஒரு லைன் இழுக்கச் சொல்ல வேண்டும்.

ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜ் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்து எனக்குப் போன் செய். பழைய பேட்டரியைத் தூக்கி எறியாதே. உள்ளே ஈயம் இருக்கிறது, கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா