வத்தைகளுக்குக் கூரையும் காற்றும் வேண்டும்: கடற்கரைச் சீரமைப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில், எங்கள் ஊர்க் கரையில் வத்தைகள் எனும் சிறு மரப்படகுகளின் மேல் நாங்கள் வேய்ந்திருந்த கீற்றுக் கொட்டகைகள் தங்கள் உத்தரவின் பேரில் பிரிக்கப்பட்டதை அறிவீர்கள். அவற்றுக்கு ஈடாக நெகிழித் தார்ப்பாய்கள் கொடுக்கப்பட்டன; காற்றில் பறக்காதபடி அவற்றைப் படகோடு இறுக்கிக் கட்டுமாறும், நடைபாதைக்காக மேட்டு மணலைக் காலி செய்து அலைவிளிம்புக்கு அருகே இறங்குமாறும் சொல்லப்பட்டது. கொட்டகைகளை மீண்டும் போட அனுமதியுங்கள், மேட்டு மணலைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறோம்.

பாக் விரிகுடாவில் வாடைக்காற்று எழுந்துவிட்டால், வடகடல் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கடல் கொந்தளிக்கும். வசதியுள்ளவர்கள் தங்கள் படகுகளைத் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். சிறு வத்தை வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லாததால், கார்த்திகை, மார்கழி முழுவதும் அவருடைய வத்தை திறந்த வெளியில்தான் கிடக்கிறது. விசைப்படகுகளை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். எங்களுக்கோ மழைக்காலம்தான் படகைப் பேணும் காலம்.

கடலில் மிதக்கும் மரத்தைவிடக் கரையில் மழைநீர் தேங்கிய மரம் விரைவில் மக்கும் என்பதை எங்கள் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். உப்பு ஊறிய பலகையில் எளிதில் பற்றாத பூஞ்சை, நன்னீர் ஊறிய பலகையில் பற்றிக்கொள்ளும். ஆகவேதான் வத்தையைப் பனங்கட்டைகளின் மேல் தூக்கி, முன்பக்கமான அணியத்தைச் சற்று உயர்த்தி, பின்பக்கமான அமரத்தின் வழியே நீர் வடிய வழிவிட்டு, உள்ளும் புறமும் எண்ணெய் பூசி, மேலே கீற்று வேய்ந்து, பக்கங்களைத் திறந்தே விடுகிறோம். கீற்று மழையைத் தடுக்கிறது, காற்றைத் தடுப்பதில்லை. மழை இடைவிட்ட நாள்களின் சுள்ளென்ற வெயிலில் பலகைகள் சுருங்கிப் பொருத்துவாய் பிளக்காமலும் அந்த நிழல் காக்கிறது.

இறுகக் கட்டிய தார்ப்பாய் இதற்கு நேர்மாறானது. சென்ற ஆண்டு தங்கள் அறிவுரையை அப்படியே பின்பற்றிய முதியவர் ஒருவரின் வத்தையைத் தை மாதம் நாங்கள் பிரித்துப் பார்த்தோம். வெளிப்பூச்சு புதிதுபோல இருந்தது. உள்ளே, ஈரம் ஆவியாகித் தார்ப்பாயின் அடியில் படிந்து, சொட்டி, வெளியேற வழியின்றி மீண்டும் மரத்திலேயே ஊறியிருந்தது. அடிப்பலகையை விரலால் அழுத்தியபோது விரல் உள்ளே போயிற்று. ஆணிகளைச் சுற்றி மரம் கறுத்துப் பொடிந்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். எந்த இடத்திலும் கெட்டியான ஒலி எழவில்லை. பிள்ளைகளைக் கரையேற்றிய படகு அது. புயலில் உடைந்திருந்தால் நிவாரணம் கேட்க ஒரு விண்ணப்பமாவது இருந்திருக்கும். மூடிய தார்ப்பாய்க்குள் மக்கிய படகுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அலைவிளிம்புக்கு அருகே இறங்கச் சொல்வதையும் எங்களால் ஏற்க முடியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், மல்லிப்பட்டினத் துறையில் நின்ற பெரிய விசைப்படகுகளையே ஒன்றோடொன்று மோதவிட்டு நொறுக்கியதை இந்தக் கரை மறக்கவில்லை. நாலு பேர் தள்ளினால் நகரும் வத்தை அங்கே எப்படித் தாங்கும்?

மாலையில் நடக்க வருபவர்களின் மீது எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால், கடற்கரையை அழகுபடுத்தும் ஒவ்வொரு திட்டமும் கடலில் இறங்கிப் பிழைப்பவனின் பொருள்களை அப்புறப்படுத்துவதில்தான் தொடங்க வேண்டுமா? வலை காயும் இடம் போயிற்று, கருவாட்டுக் களம் சுருங்கிற்று, இப்போது வத்தை கிடக்கும் மணலும் போகிறது. மரபுமுறைப் படகு கட்டும் இடத்துக்கும் வலை செப்பனிடும் முற்றத்துக்கும் 2011, 2019 ஆம் ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளே இடம் தருகின்றன. அப்படியிருக்க, மழை முடிந்ததும் நாங்களே பிரித்துவிடும் கீற்றுக் கொட்டகையை ஆக்கிரமிப்பு என்று எழுதுவது எந்த வகையில் நியாயம்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். மழை எங்கள் விண்ணப்பத்துக்காகக் காத்திருக்காது. நடைபாதைப் பணியைத் தை பிறக்கும் வரை நிறுத்திவைத்து, மேட்டு மணலை எங்களிடம் விட்டு, நான்கு பக்கமும் திறந்த கொட்டகைகளை உடனே போட்டுக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். தங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்பினால், மக்கிய அந்த வத்தையையும், பல மழைக்காலங்களைக் கீற்றின் கீழ் கழித்து இன்றும் கடலுக்குப் போகும் வத்தைகளையும் அருகருகே காட்டுவோம்.

இப்படிக்கு,
வத்தை வைத்திருக்கும் குடும்பங்களின் சார்பில்,
மீனவர் மகன் ஒருவன்