பணம் சேரும் வரை புற்றுக்கட்டி காத்திருக்காது

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

என் தம்பிக்கு 36 வயது. வாடகை வேன் ஓட்டுகிறவன். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியதைப் பல்வலி என்று நினைத்து இரண்டு மாதம் விட்டுவிட்டோம். லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய் என்றார்கள். ஆறு சைக்கிள் கீமோவும் உங்கள் காப்பீட்டு அட்டையில்தான் நடந்தது. கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. முதலில் அதற்கு நன்றி.

பத்தே மாதத்தில் நோய் திரும்பியது. அடுத்த கீமோவுக்குக் கட்டி மசியவில்லை. அப்போதுதான் மருத்துவர் கார்-டி சிகிச்சையைச் சொன்னார். நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களைப் பிரித்தெடுத்து, புதிய மரபணுவை உள்ளே செலுத்தி, இந்தப் புற்றுநோய் செல்களின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தைத் தேடித் தாக்கும்படி மாற்றி, பெருக்கித் திரும்ப உடம்பில் ஏற்றுவார்களாம்.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் மூன்று கோடிக்கு மேல் ஆவது இங்கே முப்பது, நாற்பது லட்சம் என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. பெருமைதான். ஆனால் உங்கள் அட்டை கிடைக்க ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்று கோடியும் முப்பது லட்சமும் ஒன்றுதான். அட்டையின் வரம்போ ஆண்டுக்கு 5 லட்சம்.

வேனை விற்றாயிற்று. சித்தப்பா வீட்டு நகை அடகில் இருக்கிறது. ஊரில் மொய் எழுதுவது போல நோட்டுப் போட்டு வாங்குகிறோம். (வாங்குகிறவளுக்குத்தான் தெரியும், அந்த நோட்டு என்ன கனம் என்று.) இப்படிச் சேர்ப்பதற்குள் கட்டி வளர்கிறது; அதை அடக்க இன்னொரு கீமோ; ஒவ்வொரு கீமோவிலும், எடுக்க வேண்டிய டி செல்லே நலிந்துபோகிறது. செல்லை எடுத்த பிறகும் அதைத் தயாரித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

எல்லோருக்கும் பலிக்காது என்பது தெரியும். நெக்ஸ்கார்19 சோதனையில் 73 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது. பலன் கிடைத்தவர்களிலும் சிலருக்கு நோய் திரும்பும். ஆகவே கேட்பவருக்கெல்லாம் கொடுங்கள் என்று சொல்லவில்லை. யாருக்குப் பொருந்தும் என்பதை ரத்தப் புற்றுநோய் மருத்துவர்களே முடிவு செய்யட்டும். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு வரம்பைத் தாண்டிக் கொடுக்க வழி வைத்திருக்கிறீர்கள். இதற்கும் வையுங்கள். மருத்துவர் குழு பரிந்துரைத்த ஏழு நாளுக்குள் செல் எடுக்கவும் தயாரிக்கவும் ஆகும் பணத்தை முதலில் விடுவியுங்கள். மற்ற காகிதங்களைப் பிறகு கேளுங்கள், கொண்டுவந்து தருகிறோம்.

செல் ஏற்றிய பின் கடும் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். அதைச் சமாளிக்கத் தெரிந்த தீவிர சிகிச்சைப் பிரிவை ஓர் அரசு மருத்துவமனையிலாவது தயார் செய்யுங்கள்.

தம்பிக்கு அடுத்த பெட் ஸ்கேன் வரும் மாதம் 9-ஆம் தேதி. எங்கள் நோட்டில் இதுவரை 11 லட்சம் ஏறியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் அக்கா