பேதி வந்தால் தாயைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைக்குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் 'சுத்தமாக இருங்கள், கை கழுவுங்கள்' என்ற அறிவுரையோடு முடிந்துவிடுகிறது. கை கழுவ வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் குழந்தைகளுக்குக் கடுமையான பேதியை உண்டாக்கும் ரோட்டாவைரஸ் என்ற கிருமிக்கு அது மட்டும் போதாது. செய்தியைப் படிக்கும் தாய்தான் தன் கவனக்குறைவால் வந்ததோ என்று மனம் நொந்துபோகிறாள், வீட்டில் இருப்பவர்களும் அவளைத்தான் குறை சொல்கிறார்கள்.

தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு, 5 வயதுக்குள் இந்த வைரஸ் தொற்றாத குழந்தை உலகத்தில் அபூர்வம். சுத்தமான தண்ணீரும் நல்ல கழிப்பறையும் உள்ள பணக்கார நாடுகளிலும் அப்படித்தான். நோய்வாய்ப்பட்ட குழந்தையின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும் இந்தக் கிருமி, பொம்மையிலும் கதவுப் பிடியிலும் நாள்கணக்கில் கிடக்கும்; அதில் மிகக் கொஞ்சம் வாய்க்குள் போனாலே நோய் வந்துவிடும். யாரால் எவ்வளவுதான் துடைத்துக்கொண்டிருக்க முடியும்?

ஏழை பணக்காரர் வித்தியாசம் தெரிவது சாவில்தான். 2013-ல் மட்டும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 2,15,000 பேர் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது, பெரும்பாலும் ஏழை நாடுகளில். பெற்றோர் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் வராது.

முதலில் காய்ச்சல், வாந்தி, அப்புறம் தண்ணீர் தண்ணீராகப் பேதி. 'பல் முளைக்கிறது, அதனால்தான்' என்று சும்மா இருந்துவிடுவார்கள். அதற்குள் கண் குழிந்துவிடும், அழுதால் கண்ணீர் வராது, மணிக்கணக்காகச் சிறுநீர் போயிருக்காது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படியும். இந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, கேட்டு வாங்கவும் வேண்டாம். உயிரைக் காப்பது, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொடியைத் தண்ணீரில் கலக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். குடித்ததை வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்ட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

தடுப்பு மருந்தும் ஊசி இல்லை, வாயில் விடும் சொட்டுதான். 6 வாரம் ஆனதுமே தொடங்கிவிடலாம். எல்லா நாடுகளும் இதைக் கொடுக்க வேண்டும் என்று 2009-லேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. போட்ட பிறகும் லேசாகப் பேதி வரலாம், ஆனால் உயிருக்கு ஆபத்தாக முற்றுவது வெகுவாகக் குறைகிறது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி போடும்போது, ஓ.ஆர்.எஸ். கலக்கும் முறையையும் முதல் சொட்டு எப்போது என்பதையும் அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி