புது கேம் வாங்கப் போகும் மகளுக்கு

ஆர்.கே.புரம், டெல்லி

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் புது கேமை ப்ரீ ஆர்டர் செய்யப் போவதாகச் சொன்னாய். டீலக்ஸ் எடிஷன், ஏழாயிரம் ரூபாய், அதையும் தவணையில். அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது.

வாங்காதே என்று சொல்ல வரவில்லை. ஆறு மாதமாகக் காத்திருக்கிறாய், முதல் நாளே விளையாடு. ஆனால் டீலக்ஸில் கூடுதலாக என்ன வருகிறது என்று ஒருமுறை பார். இரண்டு உடுப்பும் ஒரு வாளும்தான் என்றால் அதற்கு இரண்டாயிரம் அதிகம் கொடுக்காதே, சாதாரண எடிஷனிலும் கதை முழுதாக இருக்கும். அதையும் டிஸ்க்காக வாங்கு. உன் பிஎஸ்5 கேம் பெட்டியில் டிஸ்க் போடலாமே! டவுன்லோடு செய்த கேமை முடித்த பிறகு யாரிடமும் விற்க முடியாது.

பாலிகா பஜார் ஞாபகம் இருக்கிறதா? எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் ராஜீவ் சௌக்கில் மெட்ரோவை விட்டு இறங்கி, தரைக்கடியில் இருக்கும் அந்தக் கடைகளுக்குப் போவோம். கடைக்காரர் உன் பழைய டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அதற்காகவே ஒவ்வொரு முறையும் விளையாடி முடித்ததும் என் மூக்குக் கண்ணாடித் துணியை எடுத்துத் துடைத்து உறையில் வைப்பாய். மேலே சில நூறு ரூபாய் போட்டு அடுத்த டிஸ்க்கோடு திரும்புவோம். ஒரு கேமின் காசில் ஒரு வருஷம் ஓட்டினாய். அந்தக் கணக்கை நான் சொல்லித் தரவில்லை, நீயாகவே கற்றுக்கொண்டாய்.

தவணை வேண்டாம். வட்டியில்லா தவணை என்றாலும் பேங்க் ப்ராசஸிங் கட்டணம் பிடிக்கும், தள்ளுபடியாகக் கழித்த வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் போடும். கையில் இருக்கும் காசில் வாங்கு.

ஆர்டர் போடும் முன் கேன்சல் விதியையும் படித்துவிடு. கம்ப்யூட்டருக்கு வாங்குவதாக இருந்தால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வெளியாகும் நாள் வரை பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியான பிறகு 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் அப்போதும் கிடைக்கும். பெரிய கம்பெனி என்று நம்பி இந்த விதியைப் பார்க்காமல் விடாதே. 2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 என்ற கேம் வந்தது. சோனியின் முந்தைய பெட்டியான பிஎஸ்4இல் சரியாக ஓடவில்லை. எட்டே நாளில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

அப்புறம், பொங்கலுக்கு வரும்போது பெங்களூரில் உன் அலமாரியில் தூங்கும் டிஸ்க்குகளை எடுத்து வா. பாலிகாவில் என்ன தருவார்கள் என்று இருவருமாகப் போய்க் கேட்போம். அந்த மூக்குக் கண்ணாடித் துணி இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா