தோப்பை விற்க வேண்டாம், அப்பா

மாக்டெபுர்க்
8-2-2026, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார்கள். நேற்றே பால் வாங்க மறந்துவிட்டேன், கறுப்பு டீயைக் குடித்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

தம்பியை இங்கே படிக்க அனுப்ப குள்ளஞ்சாவடி முந்திரித் தோப்பை விலை பேசுவதாக அம்மா சொன்னாள். புதுச்சேரி ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸை அவனும் போட்டோ எடுத்து அனுப்பினான். "ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்றாயே, அப்புறம் என்ன வருஷத்துக்கு 11,000 யூரோ?" என்று கேட்டீர்களாம். சரியான கேள்வி. அது தனியார் கல்லூரி, அப்பா. நான் படிப்பது அரசுப் பல்கலைக்கழகம். பெரும்பாலான மாநிலங்களில் இந்த மாதிரி இடங்களில் ஃபீஸ் கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செமஸ்டர் கட்டணம் மட்டும். அந்த ஏஜென்ட் ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை என்று தம்பி பெருமையாகச் சொன்னான். சேர்த்துவிட்டால் கல்லூரி கமிஷன் தரும்போது உங்களிடம் எதற்கு வாங்க வேண்டும்?

என் கணக்கைச் சொல்கிறேன். 2023-ல் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காக ஒரு வருஷச் செலவை முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கில், போட்டது 11,208 யூரோ, அப்போதைய விலையில் பத்து லட்சம். அது ஃபீஸ் இல்லை. மாதம் 934 யூரோவாக எனக்கே திரும்பி வந்த சாப்பாட்டுப் பணம், வாடகைப் பணம். இப்போது அது 11,904 ஆகிவிட்டது, யூரோவும் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. நம் ஊர் டிகிரியைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், டிக்கெட், குளிர் கோட்டு என்று சேர்ந்து கடன் 12 லட்சம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனதால்தான் வீட்டுப் பத்திரத்தை பேங்க் வாங்கி வைத்துக்கொண்டது. மாதம் 11,000 வட்டியை நீங்கள் கட்டுகிறீர்கள், கடை வருமானத்தோடு தோப்புக் குத்தகையையும் போட்டு.

நாம் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. சென்னையில் நான் வாங்கிக்கொண்டிருந்த 35,000 சம்பளம். இரண்டரை வருஷத்துக்கு அதுவே பத்து லட்சத்துக்கு மேல் வருகிறது. இரண்டு வருஷப் படிப்புதானே என்பீர்கள். பேப்பரில் நான்கு செமஸ்டர், 120 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு. இரண்டாம் வருஷச் செலவுக்கு வேலைக்கும் போனேன், ஐந்தாவது செமஸ்டர் ஆகிவிட்டது. ஒரு பரீட்சையில் ஃபெயிலும் ஆனேன், சொல்லவில்லை. இங்கே 1.0 எடுத்தால் முதல் தரம், 5.0 ஃபெயில். 5.0 வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் அம்மா சந்தோஷப்பட்டிருப்பாள்.

வேலை என்றால் முதலில் சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப்பெட்டி பிரித்து அடுக்குவது. காலை ஐந்தரைக்குப் போக வேண்டும், ஜனவரியில் எட்டு மணிக்குத்தான் விடியும். ஒரு நாள் பெட்டியைப் பிரித்தால் உப்பு போட்ட முந்திரி, 200 கிராம் பாக்கெட். திருப்பிப் பார்த்தேன், வியட்நாம். முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டு வெந்த ஆத்தாவின் விரல்கள் ஞாபகம் வந்தன. மேனேஜர் பார்க்கிறாரே என்று அடுக்கிவிட்டேன்.

இப்போது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வாரம் 20 மணி நேரம். மார்ச்சில் தீசிஸ் கொடுக்கிறேன். அதன்பின் வேலை தேட 18 மாதம் விசா கிடைக்கும். ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதிக்கு எங்கள் துறையில் வருஷத்துக்கு 45,934 யூரோவாவது சம்பளம் வேண்டும். கிடைத்தால் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் பிடித்து அறுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கையில் வரும். மாதம் ஆயிரம் யூரோ அனுப்பினால் ஏறக்குறைய ஒரு வருஷத்தில் பத்திரம் திரும்பி வந்துவிடும். கிடைத்தால்தான். இதுவரை 43 விண்ணப்பம் போட்டதில் இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டது இரண்டே இடம். இரண்டிலும் கோடிங் நன்றாகப் போனது, ஜெர்மனில் பேசச் சொன்னபோது திணறினேன். வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறதே என்று மொழியை அலட்சியம் செய்தேன். அது என் தப்பு.

அதனால் தம்பி இப்போது இருக்கும் வேலையை விடக் கூடாது. சாயங்காலம் ஜெர்மன் படிக்கட்டும், பி1 என்ற மூன்றாம் நிலைவரை முடிக்கட்டும். சம்பளத்தில் கொஞ்சம் சேர்க்கட்டும். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அவனே விண்ணப்பிக்கலாம், நான் உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன். ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நோட்டீஸில் இருக்கிறபடி போனால் ஃபீஸே 22 லட்சம், பிளாக்டு அக்கவுண்டுக்கு இன்னொரு 12. வீடும் பேங்கில், தோப்பும் கைவிட்டுப் போனால் என் வட்டியை எதில் கட்டுவீர்கள்?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தது. மறுநாள் நீங்கள் என்னைச் சைக்கிளில் தோப்புக்குக் கூட்டிப்போனீர்கள். ஒரு மரம்கூட நிற்கவில்லை. வேர் எல்லாம் மேலே, செம்மண் ஈரமாக ஒட்டிக்கொண்டு. ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷமே காய்க்கும் என்றார்கள், காய்க்கவும் செய்தது. கூலிக்குக் கட்டுப்படியாக ஏழெட்டு வருஷம் ஆனது. நான் ப்ளஸ் டூ முடிக்கும்வரை ஒவ்வொரு சித்திரையிலும் நீங்கள் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றுதான் சொல்வீர்கள்.

இப்போது பூ வைத்திருக்குமே. குத்தகைக்காரர் மருந்து அடித்தாரா? வாங்க வந்தவர் அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பாப்பா