ஆண்டறிக்கை: வீட்டில் சுருட்டு மேலிலை வளர்ப்போர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி விதைப் பங்கீடு உரிய காலத்தில் நடந்தது. செயற்குழு தவறாமல் கூடியது. சுருட்டு சுற்றும் பயிற்சியைத் தலைவர் நடத்தினார், வந்தவர்கள் பயனடைந்தார்கள். மேலிலையை, அதாவது சுருட்டின் மேலே சுற்றும் புகையிலையை, வளர்ப்பது அவரவர் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே, சங்கத்தின் பெயரில் ஓர் இலைகூட விற்கக் கூடாது என்ற விதி தொடர்கிறது.

விதை முளைக்கவில்லை என்று வந்த புகார்களுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். புகையிலை விதை தூசு போன்றது. ஒரு கிராமில் 10,000-க்கு மேல் இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் ஈர மண்ணின்மேல் தூவிவிட வேண்டும், மேலே மண் போட்டு மூடக் கூடாது. பொட்டலத்திலேயே இதை எழுதி ஒட்டியிருந்தோம். அதே விதையைத் தூவிவிட்டவர்களிடம் இரண்டு வாரத்துக்குள் நாற்று தலைகாட்டியது. புகையிலை தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீ வேறு ரகத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும் என்று விதைக்கு விட்ட பூங்கொத்துகளைப் பை கட்டிக் காத்தோம். விதையில் குறையில்லை.

இனி நிழல்வலை விஷயம். வீண் செலவு என்று கூட்டத்துக்கு வெளியே பேசப்படுவது என் காதுக்கு வந்தது. சுருட்டின் உள்ளே வைக்கும் இலைதான் நோக்கம் என்றால் வலையே தேவையில்லை. மேலே சுற்றும் இலை அப்படியல்ல. மெல்லியதாக, இழுத்தால் கிழியாமல் நெகிழ்ந்து கொடுப்பதாக, நரம்பு புடைக்காமல், ஒரு ஓட்டைகூட இல்லாமல் இருக்க வேண்டும். நேர் வெயிலில் நின்ற செடி இலையைத் தடிப்பாக்கிக்கொள்ளும். நிழலில் நின்றது அகலமாக, மெலிதாக விரிக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1900-இல் வின்ட்சர் ஊர்ப் பக்கம் சுமத்ரா ரக விதையைத் துணிப் பந்தலின் கீழ் வளர்த்துப் பார்த்ததிலிருந்துதான் அந்த வட்டாரத்து நிழல் இலை பெயரெடுத்தது. ஈக்வடாரில் மேகமே பந்தல் வேலையைச் செய்துவிடுகிறது. நமக்கு அந்த வசதி இல்லை. வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கும் வலை வாங்கினோம். வலைக்குள் விளைந்த இலையையும் வெளியே விளைந்ததையும் மேசைமேல் வைத்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

பொதுத் தோட்டத்தில் முறை போட்டு வேலை செய்வது என்று எல்லோரும் கையெழுத்திட்டோம். நட்டவன்று கூட்டம் இருந்தது. இலை ஒடிக்கும் காலத்தில் இல்லை. நிழலில் விளையும் மேலிலையைச் செடியோடு வெட்டுவதில்லை. அடியிலிருந்து மேலாக, முற்றிய இலை இரண்டு மூன்றாக, வாரந்தோறும் ஒடிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் அந்த அடுக்கு போயிற்று. நடுவில் புழு பார்க்க வேண்டும், இலைக்கக்கத்தில் முளைக்கும் சிம்பு கிள்ள வேண்டும். அசுவினிப் பூச்சி விட்ட பிசுபிசுப்பு படிந்த இலை மேலிலைக்கு உதவாது. பெயர் சொல்ல விரும்பவில்லை. வருகைப் பதிவேடு மேசைமேலேயே இருக்கிறது.

முறைக்கு வராததன் விலையை இலை உலர்த்தும் அறையில் கொடுத்தோம். அங்கே ஈரப்பதம் 65 முதல் 75 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மிஞ்சினால் பூஞ்சணம்; குறைந்தால் இலை மஞ்சளாகிப் பழுக்கும் முன்பே காய்ந்து பச்சை தங்கிவிடும். வறண்ட காற்று வீசிய நாட்களில் முறைக்காரர்கள் வந்து தரையை நனைக்கவில்லை. கயிற்றில் கோத்திருந்த நல்ல இலைகளில் நடுநரம்பின் இரு பக்கமும் பச்சைத் திட்டு விழுந்தது. அதை எந்தப் பதப்படுத்தலும் பிறகு மாற்றாது. பருவம் முழுக்க உழைத்த சிலரின் இலையும் அதில் சேர்ந்து போனதுதான் எனக்கு ஆறவில்லை.

தப்பிய இலையைக் காப்பாற்றியது பதப்பெட்டி. பெரிய தொழிற்கூடங்களில் இலையைப் பெருங்குவியலாக அடுக்கினால் தானே சூடேறிப் பதமாகும். வீட்டில் விளையும் சில கிலோ அப்படிச் சூடேறாது. ஆகவே வெப்பம் காக்கும் பெட்டி ஒன்று செய்து, உள்ளே தண்ணீர்ப் பாத்திரமும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வைத்து, 50 டிகிரி செல்சியஸ் அளவில் வாரக்கணக்கில் வைத்தோம். முதலில் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். அது அடங்கி இனிய வாசனை எழும்போது இலை தயார். ஈரம் ஏற்றிக் கையில் எடுத்தால் பட்டுத்துணி மாதிரி மடங்குகிறது. நடுநரம்பை உருவி, நரம்பு புடைத்த அடிப்பக்கம் உள்ளே போகும்படி சுற்றினோம். ஒட்டுத் தெரியவில்லை.

ஈர இலையை வெறுங்கையால் தொட்டால் நிக்கோடின் தோல்வழியே ஏறி வாந்தியும் தலைசுற்றலும் வரலாம். கையுறை கட்டாயம். சிறுவர்களைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். புகைத்துவிட்டு வருபவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் செடியைத் தொட வேண்டாம்; செடிக்கு வரும் தேமல் நோய் புகையிலைத் தூள் ஒட்டிய கைவழியாகப் பரவுகிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாக: சந்தாவும் நன்கொடையும் வரவு; வலை, பெட்டி, மின்கட்டணம் பெருஞ்செலவு; கையிருப்பு சொற்பம். சந்தா செலுத்தியவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. பெட்டியில் இலை வைத்தவர்களில் பலர் செலுத்தாத பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். குறையை என் கைப்பணத்தால் ஈடுசெய்தேன். அது கணக்கில் கடனாகக் காட்டப்பட்டுள்ளது.

இடம் தந்த உறுப்பினருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், கணக்கைச் சரிபார்த்தவருக்கும், கூட்டங்களுக்குத் தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டாவது பெட்டி வேண்டும், உலர்த்தும் அறைக்கு ஈரப்பதமானி வேண்டும். நாற்று விட இன்னும் சில வாரமே இருக்கிறது. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் சாவியையும் பதிவேடுகளையும் இன்றே ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்வேன். ஆனால் இலை ஒடிக்கும் முறைப் பட்டியலில் இன்று பெயர் எழுதிக் கையெழுத்திட்டு, நிலுவைச் சந்தாவையும் கட்டியவர்களுக்கு மட்டுமே பெட்டியில் தட்டு ஒதுக்கப்படும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். பட்டியல் வாசலருகே வைக்கப்பட்டுள்ளது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்