மோட்டாரை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

ஆசிரியருக்கு,

காசிமேட்டில் கடலைப் பார்த்த தெருவில்தான் எங்கள் ஏழு சீட் வண்டி நிற்கும். முன்னால் ஏசி ஜில்லென்று வருகிறது, பின்சீட்டில் மட்டும் காற்று சும்மா முனகுகிறது என்று ஷெட்டுக்குக் கொண்டுபோனால், ஒரு வயரைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் பின்பக்க ப்ளோயர் மோட்டாரையே, அதாவது காற்றைத் தள்ளும் விசிறியின் மோட்டாரையே, மாற்றவேண்டும் என்றார்கள்.

சரி என்று தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. ஸ்விட்சைப் போட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் சிவப்பு முனையை மோட்டாரின் பிளஸ் வயரிலும் கறுப்பை பாடியிலும் வைத்தார். 12 வோல்ட் காட்டியது. கறுப்பை மட்டும் மோட்டாரின் எர்த் வயருக்கு, அதாவது மின்சாரம் பாடிக்குத் திரும்பும் வயருக்கு, மாற்றியதும் 5 வோல்ட்கூட இல்லை. மோட்டார் வரை மின்சாரம் சரியாக வருகிறது, திரும்பும் வழியில்தான் கோளாறு என்று அர்த்தம். பின்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் எர்த் போல்ட்டில் பச்சை பூத்துக் கிடக்கிறது! உப்புக்காற்று செய்த வேலைக்கு உப்புத்தாள்தான் மருந்து. தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினார், அவ்வளவுதான்.

பல வண்டிகளில் ப்ளோயரின் அதிகபட்ச வேகம் மட்டும் வேலை செய்தால் கோளாறு பெரும்பாலும் அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரில்தான், அதற்கும் மோட்டாரை மாற்றத் தேவையில்லை. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஷெட்காரர் இன்னும் அந்த மோட்டாரின் விலையைத்தான் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

– வாசகர், காசிமேடு